வெள்ளைக்கும் வெள்ளைக்கும் பிறந்த நீலம்

நீங்கள் நான்கு பேரும் நம் பூ விதைக் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, ஒரு நாள் வந்து உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். கூட்டத்தில் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

பூமொட்டை எப்படித் திறப்பது, மகரந்தத்தை எந்த நேரத்தில் வைப்பது, செடியில் கட்டும் டேகில் என்ன எழுதுவது, இதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சொல்லித்தர அங்கே என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது ஒரு வருஷத்தில் நடந்தது. நான் எழுதிவைத்த விடைக்கு நேர்மாறாகப் பூ பூத்தது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புரியாத அந்த மாதங்களில் நான் என்ன செய்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அப்போது புதியவள் இல்லை. இருபத்துமூன்று வருஷம் பூக்களோடு பழகியவள். ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம்தான் பாக்கி. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்த வருஷம் ஒரு பெரிய நர்சரிக்காரர்கள் வெள்ளைச் சங்குப்பூ கேட்டிருந்தார்கள். சாதாரண ஒற்றை இதழ் வேண்டாம், ரோஜா மாதிரி அடுக்காக இருக்க வேண்டும், கொடி முழுக்கப் பூக்கவும் வேண்டும். நம்மிடம் ஒரு வெள்ளை இருந்தது. கொட்டிக் கொட்டிப் பூக்கும், ஆனால் ஒற்றை இதழ். அடுக்கு வெள்ளை அனகாபுத்தூரில் ஒரு வீட்டுச் சுவரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தேவகியை அனுப்பி விதை வாங்கிவரச் சொன்னேன். அது அடுக்குதான், ஆனால் நோஞ்சான். வாரத்துக்கு நாலு பூ பூத்தால் அதிகம். இரண்டையும் கலந்து, முதல் தலைமுறையை வளர்த்து, அதன் விதையிலிருந்து இரண்டாம் தலைமுறையில் நமக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வது என்று திட்டம்.

தேவகி யார் என்று சொல்லிவிடுகிறேன். கோவிலம்பாக்கத்துக்காரி. அந்த ஊரின் பழைய குடும்பம். அவள் மாமனார் காலத்தில் கத்தரியும் கீரையும் போட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நம்மிடம் வேலைக்கு வந்தவள். மேடவாக்கம் வந்து, ஷேர் ஆட்டோ மாறி, ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி உள்ளே நடந்து வருவாள். பதினொரு வருஷமாக என் கலப்புகளில் பாதிக்கு மேல் அவள் கையால் நடந்தவை. சங்குப்பூ மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். அதனால் முதல் நாள் சாயங்காலமே மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை ஒன்று விடாமல் எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி நசுங்கிவிடும். அந்த வேலையில் தேவகிக்கு நிகராக நான் யாரையும் பார்த்ததில்லை. இதைத் தெரிந்தே வைத்திருந்தேன் என்பதுதான் பின்னால் எனக்கு உறுத்தியது.

திட்டக் கூட்டத்தில் மேலாளர் கேட்டார்: "கலர்ல எதுவும் பிரச்சனை வராதே மேடம்? கஸ்டமர் வெள்ளைன்னா வெள்ளைதான் கேக்கறாங்க."

"வெள்ளையையும் வெள்ளையையும் சேத்தா வேற என்ன சார் வரும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து போய்ப் பலகையிலும் எழுதினேன். சங்குப்பூவில் நீலம் ஓங்கு பண்பு. நீலத்துக்கான மரபணு ஒரு பங்கு இருந்தாலும் பூ நீலமாகத்தான் வரும். வெள்ளையாகப் பூக்கிறது என்றால் அதனிடம் நீலம் துளியும் இல்லை. இரண்டு வெள்ளைக்கும் பிறப்பது வெள்ளைதான். முதல் தலைமுறை: நூற்றுக்கு நூறு வெள்ளை. இரண்டாம் தலைமுறை: அதேதான். கையெழுத்துகூடப் போட்டேன்.

ஜனவரியில் தேவகி ஆறு நாள் உட்கார்ந்து கலப்பு செய்தாள். அதில் இரண்டு நாள் மகளின் காலேஜ் விஷயமாகச் சீக்கிரம் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நாலு மணிக்கே கிளம்பினாள். மார்ச்சில் காய் முற்றியது. விதைத்தோம். இருபத்திரண்டு கொடிகள் தேறின.

மே மாதம் ஒரு காலை, நான் வண்டியை நிறுத்துவதற்குள் தேவகி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"மேடம், கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"என்ன ஆச்சு? பூச்சியா?"

"இல்ல மேடம். நீங்களே வந்து பாருங்க. எனுக்கு சொல்லத் தெர்ல."

நிழல்வலைக் குடிலுக்குள் போனேன். முதல் கொடியில் இரண்டு பூ. இரண்டும் நீலம். லேசான ஊதா கலந்த நீலம்கூட இல்லை. அப்போது நம் வேலியோரத்தில் ஒரு நீலச் சங்குக் கொடி இருந்தது, அதில் பூக்கும் அதே அடர்நீலம். வரிசை மாறி வந்துவிட்டோமா என்று டேகைப் பார்த்தேன். சரியான வரிசைதான். தேவகியின் கையெழுத்துதான். அந்த வாரம் முடிவதற்குள் இருபத்திரண்டு கொடியும் பூத்துவிட்டன. இருபத்திரண்டும் நீலம்.

எனக்குத் தலை சுற்றியது என்று சொல்வது சாதாரணம். நிஜத்தில் எனக்கு ஏற்பட்டது ஒருவித அசட்டுத்தனம். திரும்பத் திரும்ப அந்த வரிசைக்குப் போய் நின்றேன். போய் நின்றால் மாறியிருக்கும் என்பது போல. விதைக் கவர்களை எடுத்து எண்ணினேன். அன்றைக்கு மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். பெற்றோர் இரண்டும் வெள்ளை. அவை இரண்டும் பக்கத்திலேயே, தொட்டிகளில், வெள்ளையாகப் பூத்துக்கொண்டு நிற்கின்றன. நீலம் எங்கிருந்து வந்தது?

நீலம் இருந்த இடம் ஒன்றே ஒன்று, வேலியோரக் கொடி. அதன் மகரந்தம் எப்படியோ உள்ளே வந்திருக்க வேண்டும். எப்படி வந்தது என்று யோசித்தபோது எனக்கு அந்த நாலு மணி ஞாபகம் வந்தது. அவசரத்தில் கிளம்பியவள். ஏதோ மாற்றி எடுத்துவிட்டாள்.

உடனே எனக்கு நிம்மதி ஏற்பட்டது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இதே நிம்மதி உங்களுக்கும் ஒரு நாள் வரும். தெரியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரிய அவஸ்தை. அப்போது பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால், அந்த ஆளே விடையாகத் தெரிவார்.

தேவகியைக் கூப்பிட்டேன்.

"அந்த ரெண்டு நாள் சீக்கிரம் கிளம்பினியே, அன்னிக்கு வேலியோரம் போனியா?"

"இல்லியே மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. மகரந்தம் எடுத்த பூ எந்தச் செடியோடது?"

"அடுக்கு வெள்ளையோடது. வேற எதுக்கு நான் நீலத்த தொடப் போறேன்?"

"அப்ப நீலம் எப்படி வரும்?"

"அத நான் இன்னான்னு சொல்றது மேடம்? நான் வெச்சது வெள்ளைக்கு வெள்ளை." கொஞ்சம் நிறுத்தி, விரலை மடக்கிக் கணக்குப் போடுவது போலச் சொன்னாள்: "நான் ரெண்டு நாள்தானே சீக்கிரமா போனேன்? ஆறு நாள் வெச்ச காயும் நீலமா பூத்துகினு கீதே?"

இப்போது அந்தக் கேள்வியை எழுதும்போது என் கை கூசுகிறது. எந்தத் தேர்விலும் முழு மதிப்பெண் வாங்கக்கூடிய கேள்வி அது. தவறிப்போன மகரந்தம் என்றால் ஒன்றிரண்டு கொடி நீலமாகியிருக்கும், மற்றவை வெள்ளையாக இருந்திருக்கும். ஒன்றுகூடத் தப்பாமல் இருபத்திரண்டும் மாற எந்தக் கை தடுமாறினாலும் போதாது. அதை அவள் எனக்குச் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தேனீ வந்திருக்கும். நீ சரியா மூடியிருக்க மாட்ட."

மேலாளரிடம் போய், கலப்பு செய்யும்போது நேர்ந்த தவறு என்றேன். அவர் முகம் தெளிந்தது. "ஆள் தப்புதானே மேடம்? கான்செப்ட் தப்பில்லையே? அப்ப மறுபடி பண்ணிடலாம்" என்றார். தேவகியை விதை பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். நான்தான் சொன்னேன், அவர் கையெழுத்துப் போட்டார்.

பேக்கிங்குக்குப் போகும் முன் தேவகி ஒன்றே ஒன்று கேட்டாள். நீலக் கொடிகளைப் பிடுங்கிப் போட நான் ஆள் அனுப்பியிருந்தேன். அவர்களை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"அத புடுங்காதீங்க மேடம். நான் பண்ணதுதான் தப்புன்னா, அது இன்னா தப்புன்னாவது தெரியணுமில்ல?"

இடம் அடைக்கும் என்று முணுமுணுத்தேன். ஆனாலும் விட்டுவைத்தேன்.

ஜூன் கடைசியில் அவள் வேலையை விட்டுவிட்டாள். காரணம் ஒன்றும் எழுதவில்லை. பேக்கிங் பகுதியில் யாரோ விளையாட்டாக, நீலக்காரி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள் என்று எனக்குப் பிறகு தெரிந்தது.

இதற்கிடையில் நான் கலப்பை மறுபடி செய்தேன். இந்த முறை என் கையாலேயே. குடிலின் கதவுக்குப் பூட்டு போட்டு, சாவியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வேலியோர நீலக் கொடியை வேரோடு வெட்டச் சொன்னேன். ஒவ்வொரு பூவுக்கும் நானே காகிதப் பை கட்டினேன். ஆகஸ்டில் விதை வந்தது, விதைத்தேன், யாரையும் கிட்டே விடவில்லை. தண்ணீர்கூட நானே ஊற்றினேன். என்னைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியவில்லை.

செப்டம்பர் கடைசியில் பூத்தது. நீலம். பதினெட்டுக் கொடியில் பதினெட்டும்.

அன்றைக்கு நான் குடிலுக்குள் கவிழ்த்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் வாளி மேல் உட்கார்ந்துவிட்டேன். யார்மேல் பழி போடுவது? பூட்டு என்னுடையது, கை என்னுடையது. முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு கடைசி ஆளாக அனகாபுத்தூர்க்காரரைச் சந்தேகப்பட்டேன். அவர் வீட்டு வெள்ளை உண்மையில் சுத்த வெள்ளை இல்லையோ? எங்கேயாவது ஒரு கிளையில் நீலம் எட்டிப்பார்த்திருக்குமோ?

அக்டோபர் முதல் வாரம், விட்டுவிட்டுப் பெய்த மழையில் அனகாபுத்தூர் போனேன். ஆற்றோரத்துச் சந்து ஒன்றில் அவர் மாவு மில் வைத்திருந்தார். தண்ணீர் வரும் என்று பயந்து மூட்டைகளையெல்லாம் பலகை மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். சுவரில் வெள்ளை அடுக்குச் சங்கு நனைந்து தொங்கியது.

"அண்ணா, இது எப்பவாவது நீலமா பூத்திருக்கா?"

அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா கேக்குறீங்க? வெள்ளைச் சங்கு நீலமா பூக்குமா?"

"ஒரு பூவாவது? ஒரு கிளையிலயாவது?"

"எங்க வூட்ல தினம் பூஜைக்கு இதத்தான் பறிக்குது. இத்தினி வருசமா ஒண்ணு கூட நீலம் பார்த்தது இல்ல. கீழ கொட்டுன வெதைல முளைச்சதும் வெள்ளைதான், இதோ பாருங்க." சுவரோரம் முளைத்திருந்த குட்டிக் கொடிகளைக் காட்டினார். எல்லாம் வெள்ளை. "உங்களுக்கு இன்னா பேஜாரு இதுல?"

சொன்னேன். பாதி புரிந்தது போலத் தலையாட்டினார். நான் கிளம்பும்போது கேட்டார்: "அன்னிக்கு வெதை வாங்கினு போச்சே ஒரு அம்மா, தேவகின்னு. பூவ கையில வாங்கி எப்டி பாத்துச்சு தெரியுமா! நல்லா கீதா அது?"

"நல்லா இருக்காங்க" என்றேன்.

தாம்பரம் வரும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடமிருந்தும். தேவகி தப்பு செய்யவில்லை என்பது அப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். பூட்டிய குடிலுக்குள் என் கை செய்ததும் அவள் கை செய்ததும் ஒரே விடையைத் தந்துவிட்டன. அவளைக் கூப்பிட்டுச் சொல்ல என்னிடம் போன் இருந்தது, நம்பரும் இருந்தது. ஆனால் நான் எனக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டேன்: ஏன் என்றே தெரியாமல் என்னவென்று சொல்வது? முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம், பிறகு முழுதாகச் சொல்லலாம். அது அப்போது நியாயமாகவே பட்டது. விஞ்ஞானம் படித்தவள் பேசுகிற மாதிரிகூட இருந்தது.

அடுத்த நாள்தான், பிடுங்காமல் விட்ட அந்த முதல் நீலக் கொடிகளில் காய் முற்றி வெடிக்கும் நிலையில் இருப்பதைக் கவனித்தேன். வேறு வழி தெரியாமல் அந்த விதையை விதைத்தேன். வேலியோர நீலத்தின் மகரந்தம்தான் கலந்தது என்றால் இந்தத் தலைமுறையில் நாலில் ஒரு பங்கு வெள்ளை வர வேண்டும். அதுவாவது வருகிறதா என்று பார்க்கலாம் என்று.

மழை முழுக்க அதைக் காப்பாற்றுவதிலேயே போனது. குடிலின் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. செடி வளர்ந்த பைகளையெல்லாம் மேசை மேல் தூக்கி அடுக்கினோம். டிசம்பரில் அறுபத்தொரு கொடிகள் பூத்தன. நான் எண்ணினேன். நீலம் முப்பத்துநாலு, வெள்ளை இருபத்தேழு.

பதினைந்து வெள்ளையை எதிர்பார்த்த இடத்தில் இருபத்தேழு. மறுபடி எண்ணினேன், அதேதான். தாளின் பின்புறம் அந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு பங்கு போட்டால் நீலம் ஒன்பது, வெள்ளை ஏழு.

ஒன்பதுக்கு ஏழு. நான் எம்.எஸ்ஸி. தேர்வில் ஒரு பக்கம் எழுதிய விடை அது.

நீலம் ஒரே மரபணுவின் வேலை என்று நான் பலகையில் எழுதியிருந்தேன். அப்படி இல்லை. நம்மிடம் இருந்த அந்தக் கொடிகளில் நீலம் வருவதற்கு இரண்டு மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் டிகாக்‌ஷன் இருக்கிறது, பால் இல்லை. இன்னொரு வீட்டில் பால் இருக்கிறது, டிகாக்‌ஷன் இல்லை. இரண்டு வீட்டிலும் காபி கிடையாது. நம் வெள்ளைக்கு ஒன்று குறை, அனகாபுத்தூர் வெள்ளைக்கு இன்னொன்று குறை. இரண்டும் சேர்ந்ததும் ஒன்றிடம் இல்லாததை மற்றது கொடுத்துவிட்டது. அதனால் அத்தனை பிள்ளையும் நீலம். பார்வைக்கு ஒரே வெள்ளை, காரணம் வேறு வேறு வெள்ளை. எந்தத் தேனீயும் வரவில்லை, யார் கையும் தவறவில்லை. தேவகி அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்ததால்தான் கணக்கு இவ்வளவு சரியாக வந்தது.

இதை நான் மறந்திருந்தேனா என்றால் இல்லை. யாராவது கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மே மாதமே எனக்கு விடையாக ஒரு ஆள் கிடைத்துவிட்டாளே, பிறகு எதற்குக் கேட்பேன்?

கூட்டத்தில் இதை விளக்கினேன். அந்த இருபத்தேழு வெள்ளையில் ஏழு கொடி அடுக்காகவும் இருந்தன. கேட்டவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கை தட்டினார்கள். மேலாளர் எழுந்து நின்று, பிரமாதம் மேடம் என்றார். பிறகு உட்கார்ந்துகொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: "முதல் கிராஸ் யார் மேடம் பண்ணது?"

அவர் மறந்தே போயிருந்தார்.

மறுநாள் காலை கோவிலம்பாக்கம் போனேன். தேவகி ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்திருந்தாள், அன்று விடுமுறை. என்னைப் பார்த்ததும் முகத்தில் எதுவும் காட்டாமல், "வாங்க மேடம், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் டிகாக்‌ஷன், பால் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நன்றாகக் கேட்டாள். நடுவில் நிறுத்தி ஒரு சந்தேகம்கூடக் கேட்டாள். கடைசியில், "தப்பு என்னோடதுதான் தேவகி, மன்னிச்சுடு" என்றேன்.

"பரவால்ல மேடம்" என்றாள். பிறகு, "நீங்களே தனியா பண்ணீங்கன்னு சொன்னீங்களே, அதுவும் நீலமா?"

"ஆமா. எல்லாமே."

"அது எப்ப பூத்துச்சு?"

எனக்கு அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று தெரிந்தது. போன வாரம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன்.

"செப்டம்பர் கடைசில."

அவள் எழுந்து போய், ஜன்னலில் காயப்போட்டிருந்த துண்டை எடுத்து மடித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"நான் கண்ணு டெஸ்ட் பண்ணேன் மேடம்."

"என்ன?"

"பல்லாவரத்துல. கலரு சரியா தெரியுதான்னு பாக்க ஒரு புக்கு வெச்சிருக்காங்கோ, புள்ளி புள்ளியா. அதுல நம்பர் தெரியுதான்னு கேப்பாங்க. ஒருவேள எனுக்கு வெள்ளையும் நீலமும் மாறித் தெரியுதோன்னு. டாக்டர் நல்லா கீதுன்னுதான் சொன்னாரு. நான் நம்பல. தீபாவளிக்கு அப்புறம் இன்னொரு தபா போனேன்."

கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தினம் படுத்தா அந்த ஆறு நாள் தான் ஓடும். எந்தப் பூவ எடுத்தேன், எந்தக் கையால எடுத்தேன்னு. கடைசில எனுக்கே தோணிடுச்சு, நான் தான் வேலியாண்ட போனேன்னு. போன மாதிரியே ஞாபகம் வருது மேடம். போகவே இல்ல, ஆனா ஞாபகம் வருது." துண்டை மேசை மேல் வைத்தாள். "செப்டம்பர்லயே ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"ஏன்னு எனக்கே புரியல தேவகி. புரியாம என்னன்னு சொல்றதுன்னு..."

"நீ பண்ணலன்னு சொல்லியிருக்கலாமே. ஏன்னு அப்பறம் சொல்லியிருக்கலாம்."

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கணக்கு தவறும்போது நீங்கள் குழம்பத்தான் செய்வீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் ஏழு மாதம் குழம்பினேன், ஆனால் என்னிடம் புத்தகம் இருந்தது, குடில் இருந்தது, விதைத்துப் பார்க்கக் கொடி இருந்தது. தேவகிக்கு நான் கொடுத்த குழப்பத்திலிருந்து வெளியே வர அவளிடம் ஒன்றுமே இல்லை. ஒருவர் குற்றமற்றவர் என்று தெரிந்தால் அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். காரணம் பிறகு வரட்டும். வராமலே போனாலும் போகட்டும்.

திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன். "வேணாம் மேடம். அங்க வந்தா ஒவ்வொரு மொட்டும் பூக்குற வரிக்கும் பயந்துகினே இருக்கணும். இங்க புள்ளைங்களோட நல்லா கீறேன்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு. பேக்கிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

திங்கட்கிழமை அவளையும் வரச் சொல்லி, பேக்கிங் பகுதியில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். கூட்டத்தில் பேச வராது என்றேனே, அன்றைக்கும் வரவில்லை. தட்டுத்தடுமாறி, எழுதிக்கொண்டு போன தாளைப் பார்த்தே படித்தேன். தேவகி வாசல் பக்கம் நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்று கேட்டாள். நீலக்காரி என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். முடிந்ததும் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

கிளம்பும் முன், அந்தக் கொடிகளைப் பார்க்கலாமா என்று கேட்டாள். கூட்டிப்போனேன். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அறுபத்தொரு கொடியும் பூத்து நின்றன.

"இதுல எது மேடம் நான் வெச்சதோட வாரிசு?"

"எல்லாமே."

வரிசையின் முனையில் போய் நின்றாள். முதல் கொடியைக் கையால் தொட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீலம்" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அடுத்தது. "வெள்ளை."

"ஆமா."

"நீலம். நீலம். இது வெள்ளை."

வரிசை முடியும் வரை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். நானும் பின்னாலேயே நடந்து, ஒவ்வொன்றுக்கும் ஆமா சொன்னேன்.